மறுபடி வேலைக்குப் போகும் அம்மாக்கள்: வாசகர் கேள்வி பதில்

பேறுகால விடுப்பு முடிந்தோ, சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டோ வேலைக்குத் திரும்பும் அம்மாக்களின் கேள்விகளை இந்த இதழுக்காகக் கேட்டிருந்தோம். தாய்ப்பால் பற்றித்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: கிண்டியில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். பிரசவத்துக்கு 4 வாரம் முன்பே விடுப்பில் போனதால், திரும்பச் சேரும்போது குழந்தைக்கு 5 மாதம்தான் ஆகியிருக்கும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. என் அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார். பவுடர் பால் இல்லாமல் சமாளிக்க முடியுமா? இன்னும் 25 நாள்தான் இருக்கிறது.
வாசகி, தாம்பரம்

பதில்: முடியும். 25 நாள் தாராளம், ஆனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

முதலில் கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு, நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 25 முதல் 30 மில்லி தேவை. பத்தரை மணி நேரத்துக்கு 260 முதல் 315 மில்லி. கைத்தவறுதலுக்கும் சேர்த்து 350 மில்லி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒரு தரம், வந்து முகம் கழுவியதும் ஒரு தரம் நேரடியாகக் கொடுத்துவிட்டால், நடுவில் 80, 90 மில்லியாக 3 அல்லது 4 வேளைதான். ஃப்ரீசர் நிறையச் சேர்த்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்று பயந்து பலர் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாளுக்குரிய பாலும், அவசரத்துக்கு இன்னொரு நாளுக்குரியதும் இருந்தால் போதும். அன்றன்று ஆபீசில் எடுப்பது மறுநாளைக்கு ஆகும்.

காலை 5, 6 மணிக்குச் சுரப்பு நன்றாக இருக்கும். குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் எடுங்கள். முதல் சில நாள் 20, 30 மில்லிதான் வரும். குழந்தை குடித்தது போக மிச்சம்தானே அது? அதைப் பார்த்து எனக்குப் பாலே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நாலைந்து நாளில் அளவு ஏறும். புதிதாக எடுத்த பாலை ஃப்ரிட்ஜில் குளிர வைத்த பிறகே, அதே நாள் எடுத்து வைத்த குளிர்ந்த பாலோடு சேர்க்க வேண்டும். 60 முதல் 90 மில்லியாகப் பிரித்து, உறைந்தால் விரியும் என்பதால் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, தேதி எழுதி உள்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும்.

ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். தனிக் கதவு உள்ள ஃப்ரீசரில் 6 மாதம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி அந்த அளவுக்குக் குளிராது, அதில் 2 வாரத்துக்கு மேல் வேண்டாம். உறைந்த பாலை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். முழுக்க இளகிய பிறகு 24 மணி நேரம் தாங்கும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. வெளியே 4 மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது. நம் ஊர் மே மாதத்துக்கு அதை நம்பாதீர்கள், எடுத்தவுடன் குளிரில் போய்விட வேண்டும்.

ஆபீசில் பத்தரை, ஒன்றரை, நாலரை என்று மூன்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்ப் என்றால் தரம் ஒன்றுக்கு 15 முதல் 20 நிமிடம், ஒற்றை பம்ப் என்றால் அரை மணி நேரம் வரை ஆகும். கூட்டம் வந்துவிட்டது என்று ஒரு நேரத்தைத் தள்ளிப்போட்டால் கெட்டுப் போவதில்லை. வாரம் முழுக்கத் தள்ளினால் மார்பு கட்டிக்கொள்ளும், அதன் பிறகு சுரப்பு குறையும். பாலை வெளியே எடுக்க எடுக்கத்தான் உடம்பு மேலும் சுரக்கும்.

பம்ப்பில் வழக்கமாகத் தப்பாகிற இடங்கள் இரண்டு. ஒன்று, மார்பில் வைக்கும் புனல். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். உங்கள் காம்பின் குறுக்களவை ஸ்கேலில் பார்த்து, அதைவிட 1 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிய புனலாக வாங்குங்கள். காம்பு குழாய்க்குள் தாராளமாகப் போய்வர வேண்டும். சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரிது, காம்பு ஓரத்தில் உரசி வலித்தால் சிறிது. வலியைப் பொறுத்துக்கொண்டு எடுப்பதில் ஒரு பயனும் இல்லை. வலிக்கும் பம்ப்பில் பால் குறைவாகத்தான் வரும். இன்னொன்று, வாத்து அலகு போன்ற அந்தச் சின்ன சிலிகான் வால்வு. தினமும் மூன்று நான்கு தரம் ஓடினால் இரண்டு மூன்று மாதத்தில் அதன் வாய் தளர்ந்துவிடும், இழுவை குறைந்துவிடும். மோட்டார் சத்தம் மட்டும் அப்படியே இருப்பதால், பால் வற்றிவிட்டது என்று அம்மாக்கள் கலங்கிப் போகிறார்கள். வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கீறல் சும்மா இருக்கும்போதே திறந்து நின்றால் மாற்ற வேண்டும். ஒரு ஜோடி எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

பம்ப்பைக் கழற்றியதும் 2 நிமிடம் கையால் பீய்ச்சி முடியுங்கள், சொட்டுச் சொட்டாக இன்னும் வரும். கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாகக் காம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோல் மேல் விரலைத் தேய்த்து இழுக்காதீர்கள். மின்சாரம் இல்லாத நாளிலும், பம்ப்பை வீட்டில் மறந்துவிட்ட நாளிலும் இந்தக் கைப்பழக்கம்தான் காப்பாற்றும்.

எடுத்த பாலை மூடி, ஐஸ் கட்டிப் பைகள் வைத்த குளிர்ப் பையில் போடுங்கள், 24 மணி நேரம் வரை நிற்கும். பாலைத் தொட்ட பாகங்களை ஒவ்வொரு தரமும் சோப்பு போட்டுத் தனிக் கிண்ணத்தில் கழுவ வேண்டும். பொதுத் தொட்டியில் நேராகப் போடக் கூடாது. நேரம் இல்லாவிட்டால் மூன்று செட் கொண்டுபோங்கள். இரவு வீட்டில் 5 நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு, ஈரம் போகக் காய விடுங்கள்.

குழந்தையைப் பழக்குவதை இப்போதே உங்கள் அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால், உங்கள் வாசனைக்கு வேறு எதையும் தொடாது. அரைப் பசியில் இருக்கும்போது பாட்டி மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துப் பாலாடையில் ஆரம்பிக்கட்டும். பாலாடையின் மூக்கு கீழுதட்டில் தொட்டு நிற்க, பால் உதட்டை நனைக்கும் அளவு மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சி விழுங்கிய பிறகே அடுத்த சாய்ப்பு. அவசரப்பட்டு வாயில் ஊற்றினால்தான் புரையேறுகிறது. முதல் வாரம் பாதி கழுத்துத் துணியில்தான் போகும், போகட்டும்.

முதல் வாரம் புதன் அல்லது வியாழக்கிழமை சேருங்கள். இரண்டு மூன்று நாளில் வார இறுதி வந்துவிடும், இருவருக்கும் மூச்சு கிடைக்கும். வெள்ளிக்கிழமை வாக்கில் எடுக்கும் அளவு குறைந்தால் பயம் வேண்டாம். சனி ஞாயிறு முழுக்க நேரடியாகக் கொடுத்தால் திங்களன்று ஏறிவிடும். மார்பில் கட்டி தென்பட்டால் பலமாகத் தேய்க்காதீர்கள், அது வீக்கத்தைக் கூட்டும். குளிர்ந்த துணி வைத்து, வழக்கம்போல் பால் கொடுங்கள். சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

என்றாவது ஒரு நாள் பால் பற்றாமல் பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால் அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக் கரண்டி, தண்ணீர் அளவு இரண்டையும் மட்டும் மாற்றக் கூடாது.

கேள்வி: நான் எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலை என் மாமியார் அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கொடுக்கிறார். பச்சைப் பாலைக் கொடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்கிறார். மேலே ஏடு மாதிரி பிரிந்து நின்றால், திரிந்துவிட்டது என்று கொட்டியும் விடுகிறார். அரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்த பால். அழுகை வருகிறது.
வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாமியார் குழந்தையின் வயிற்றை நினைத்துத்தான் செய்கிறார். மாட்டுப் பால் தொழுவத்திலிருந்து கேன் கேனாக மாறி வீட்டுக்கு வருகிறது, அதனால் காய்ச்சாமல் முடியாது. ஆயுசு முழுக்கப் பாலைக் காய்ச்சியே பழகிய கைக்கு இதுவும் பால்தான். ஆனால் தாய்ப்பாலைக் கொதிக்க வைத்தால் அதில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சத்து அழிந்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்த பாலில் கொழுப்பு மேலே மஞ்சளாகப் பிரிந்து நிற்பது இயல்பு. புட்டியை உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். கலக்காமல் திரிதிரியாக நின்று, புளித்த வாடையும் அடித்தால்தான் கெட்டது. சோப்பு வாசனை மட்டும் வந்தால் கெடவில்லை, பாலில் இயற்கையாக உள்ள ஒரு நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாசனை அது. குழந்தை அதை ஒதுக்கினால், உறைய வைக்காமல் முதல் நாள் எடுத்ததை மறுநாளே கொடுத்துவிடுங்கள்.

சூடு காட்ட அடுப்பும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். மைக்ரோவேவில் ஒரு இடம் கொதித்து இன்னொரு இடம் குளிர்ந்திருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெந்நீர், அதில் புட்டியை 5 நிமிடம் நிறுத்தினால் போதும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. சூடு காட்டியதை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்ததும் அப்படித்தான், அதன் பிறகு கொட்டிவிடலாம்.

இதை நீங்கள் சொன்னால் மருமகள் பாடம் நடத்துவதாகிவிடும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, “அத்தை, நீங்களும் வாங்க, டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க” என்று கூட்டிக்கொண்டு போங்கள். பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர் அவர். டாக்டர் அவரைப் பார்த்துச் சொல்லும்போது அந்தப் பொறுப்பு அவருடையதாகும். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் தமிழில் பெரிதாக ஒட்டி வையுங்கள்: காய்ச்ச வேண்டாம், பழைய தேதி முதலில், வெந்நீரில் 5 நிமிடம், சுழற்றிக் கலக்கவும்.

கேள்வி: 120 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குழந்தைக்கு 7 மாதம். பால் எடுக்க நேரம் கேட்டால், லஞ்ச் டைமில் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பாத்ரூமில்தான் எடுக்கிறேன். இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?
வாசகி, கோவை

பதில்: இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, சாப்பாட்டு இடைவேளை போக, நாளைக்கு இரண்டு தரம் பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்திலேயே இருந்தது. 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு 4 தரம் அங்கே போய்வரலாம் என்று 2017ஆம் ஆண்டின் திருத்தம் சேர்த்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை இருக்கின்றன.

வாயால் கேட்டால் வாயாலேயே தட்டிக் கழிப்பார்கள். எழுத்தில் கேளுங்கள். எனக்கு நேரம் வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், “தினமும் 10.45க்கும் 3.45க்கும் இடைவேளை எடுத்துக்கொள்கிறேன், உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் ஒரு பிளக் பாயிண்டும் தேவை” என்று எழுதுங்கள். எந்த அறை மதியத்தில் காலியாக இருக்கிறது என்பதையும் நீங்களே பார்த்துக் குறிப்பிடுங்கள். முடிவு எடுக்கும் வேலை அவர்களுக்குக் குறைந்தால் சம்மதம் சீக்கிரம் வரும். மெயிலின் நகல் உங்களிடம் இருக்கட்டும். பதிலே வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பாத்ரூமில் எடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். குழந்தையின் சாப்பாட்டை அங்கே வைத்துத் தயார் செய்யச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 7 மாதத்தில் குழந்தை கேழ்வரகுக் கூழும் பருப்பு சாதமும் சாப்பிடத் தொடங்கியிருக்கும் என்பதால் இரண்டு தரம் எடுத்தாலே போதுமானது.

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லர். மாதம் 13,500 ரூபாய் வரை வரும், ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள். இது இரண்டாவது பிரசவம், மார்ச்சில் தேதி கொடுத்திருக்கிறார்கள். 3 மாதம்தான் லீவு, அதற்கு மேல் வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, பிறகு புதிதாகச் சேர்ந்துகொள் என்கிறார் சூப்பர்வைசர். எழுதிக் கொடுக்கலாமா?
வாசகி, திருப்பூர்

பதில்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் கேட்டாலும் போடாதீர்கள்.

முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது குழந்தைக்குத்தான் 12 வாரம். அந்தக் கணக்கைக் காட்டி உங்களைக் குழப்பியிருக்கலாம். ஈஎஸ்ஐ இருப்பதால் இந்த 26 வாரப் பணத்தை முதலாளி தருவதில்லை, ஈஎஸ்ஐதான் உங்கள் சராசரி நாள் கூலியை முழுசாக வங்கிக் கணக்கில் போடுகிறது. இதைச் சொன்னாலே பல இடங்களில் பேச்சு மாறிவிடும். பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி செல்லாது. ஆனால் நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், நீக்கினார்கள் என்று சொல்ல வழி இருக்காது. அதற்காகத்தான் எழுதச் சொல்கிறார்கள்.

ஈஎஸ்ஐ பார்க்கும் நிபந்தனை 70 நாள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. மார்ச்சில் பிரசவம் என்றால், முந்தைய ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், அதற்கும் முன்னால் உள்ள அக்டோபர் முதல் மார்ச் வரையிலும் சேர்த்து 70 நாளுக்காவது உங்கள் பேரில் சந்தா கட்டியிருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் வருகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மாதம் 26 நாள் வந்திருந்தாலும் கணக்கில் 12 நாள், 15 நாள் என்று போட்டுவிடுகிறார்கள். நாளும் குறையும், நாள் கூலிச் சராசரியும் தப்பாகும். ஈஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு, மாதாமாதம் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். கைப்பேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்கலாம். தப்பு இருந்தால் பிரசவத்துக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். அதே நேரம் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவுக் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதியில் திரும்பச் சேருவீர்கள் என்று இரண்டையும் எழுதி, நகலில் ஆபீஸ் சீல் வாங்குங்கள். சீல் தர மறுத்தால் ஒப்புகையோடு, பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சம்பளச் சீட்டுகளையும் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 1 வயது 10 மாதம். காப்பகத்தில் விட்டு 4 நாள் ஆகிறது. வாசலிலேயே கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். அவன் விளையாடும்போது தெரியாமல் நழுவி வந்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். நழுவிப் போனால் அன்றைக்கு அழுகை குறையும். ஆனால், கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். பிறகு வீட்டில் நீங்கள் அடுப்படிக்குப் போனாலும் பின்னாலேயே வரும். தினமும் ஒரே வார்த்தை சொல்லுங்கள், “அம்மா ஆபீஸ் போய்ட்டு, நீ பால் குடிச்சதும் வந்துடுவேன்” என்று. மணிக் கணக்கு அவனுக்குப் புரியாது, பால் குடிப்பதும் தூங்கி எழுவதும் புரியும். சொல்லி, முத்தம் கொடுத்து, ஒரு நிமிடத்தில் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வாசலில் நின்று பத்து நிமிடம் சமாதானம் செய்தால் அழுகை நீளும். உங்கள் பழைய புடவைத் துண்டு ஒன்றைத் துவைக்காமல் அவன் பையில் வையுங்கள்.

முடிந்தால் முதல் வாரம் 2 மணி நேரம், அடுத்த வாரம் மதியச் சாப்பாடு வரை, அதற்குப் பிறகு முழு நாள் என்று கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நீங்கள் கிளம்பி எத்தனை நிமிடத்தில் அழுகை நிற்கிறது என்று ஆயாவிடம் தினமும் கேளுங்கள். அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தால் சரியாகப் போகிறது. குறையாமல், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு வாடினால், சொல்லாமல் ஒரு நாள் மதியம் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள். குழந்தைகள் தூங்கி எழும் நேரம் அது. யார் தூக்குகிறார்கள், டிவி ஓடுகிறதா, ஈரத் துணி மாற்றியிருக்கிறதா என்று அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெற்றோர் சொல்லாமல் வரக் கூடாது என்று விதி வைத்திருக்கும் காப்பகத்தில் குழந்தையை விடாதீர்கள்.

முதல் சில மாதம் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். வருஷ லீவை ஜனவரியிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: பி.காம். படித்து 4 வருடம் கணக்கராக இருந்தேன். 2019இல் பிரசவத்துக்காக வேலையை விட்டேன். மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. இந்த இடைவெளிக்குப் பிறகு யார் வேலை தருவார்கள் என்று தயக்கமாக இருக்கிறது. பழைய பிஎஃப் பணம் அப்படியே கிடக்கிறது, எடுத்துவிடலாமா?
வாசகி, திருச்சி

பதில்: பற்று வரவு உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் போன பிறகு வந்த மாற்றங்களை மட்டும் பிடித்தால் போதும். பட்டியல் நீங்கள் பயப்படும் அளவுக்கு நீளமில்லை. டேலி ஈஆர்பி 9 போய் 2020 முதல் டேலி பிரைம். ஜிஎஸ்டியில், நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களைப் பட்டியலிடும் 2பி அறிக்கை 2020இல் வந்தது, உள்ளீட்டு வரியை இப்போது அதோடு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். மின் விலைப்பட்டியல் 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் கட்டாயம். பெரிய தொகைக்குச் சரக்கு வாங்கும்போது டிடிஎஸ் பிடிக்கும் 194க்யூ பிரிவு 2021 ஜூலையில் வந்தது. கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீங்கி 5, 18 என்று சுருங்கின. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை, அதனால் பிரிவு எண்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையில் இருப்பவர்களும் அதைப் புதிதாகத்தான் படிக்கிறார்கள். தினமும் ஒன்றரை மணி நேரம் வைத்தால் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

படிப்பதோடு நிற்காமல், தெரிந்த கடை ஒன்றின் கணக்கை ஒரு மாதம் முழுக்கப் போட்டுப் பாருங்கள். விற்பனைப் பதிவு, 11ஆம் தேதிக்குள் விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1, 2பியோடு ஒப்பீடு, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் அறிக்கையான 3பி என்று ஒரு சுற்று முடித்திருந்தால், நேர்காணலில் உங்கள் குரலே மாறும். ஆடிட்டர் அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது, மூன்றாவது வாரம் ஆள் தேவை அதிகம். காலை 10 முதல் 3 வரை என்று அந்த நாட்களுக்கு மட்டும் கேட்டு நுழைவது, பள்ளிக்குப் போகும் குழந்தை உள்ள வீட்டுக்குச் சரியாகப் பொருந்தும்.

பயோடேட்டாவில் இடைவெளியை மறைக்காதீர்கள், வருத்தமும் தெரிவிக்காதீர்கள். “2019 முதல் குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி, இப்போது முழு நேர வேலைக்குத் தயார்” என்று ஒரே வரி. குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அப்பாவிடம் கேட்காத கேள்வி இது, கேட்பது நியாயமும் இல்லை. ஆனாலும் வரும் என்பதால், “என் கணவரும் பக்கத்து வீட்டு அக்காவும் இருக்கிறார்கள்” என்று இரண்டு பேரைச் சொல்லி, அதற்கு மேல் விளக்காமல் நிறுத்திவிடுங்கள்.

பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம். நீங்கள் வேலையில் இல்லாத வருடங்களிலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஓய்வூதியத்துக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். இப்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த 4 வருடம் கணக்கிலிருந்து போய்விடும், வைத்திருந்தால் இனி 6 வருடம் போதும். புதிய இடத்தில், வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணான பழைய யுஏஎன்னையே கொடுங்கள், இன்னொன்று திறக்கவிடாதீர்கள். சேருவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: பிஎஃப்பில் அப்பா இனிஷியலும், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் கணவர் இனிஷியலும் இருக்கிறதா? நம் ஊர்ப் பெண்களின் பிஎஃப் விண்ணப்பங்கள் இந்த ஒற்றை எழுத்தால் திரும்பி வருகின்றன. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு வேலையில் சேருங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் என் மனைவி வேலைக்குத் திரும்புகிறாள். மகளுக்கு 7 மாதம். எதைச் சொன்னாலும் செய்கிறேன் என்று சொன்னேன், அதற்கு அவள் கோபப்பட்டாள். நான் என்ன தப்பாகச் சொன்னேன்?
வாசகர், செங்கல்பட்டு

பதில்: சொன்னால் செய்கிறேன் என்றால், என்ன செய்ய வேண்டும், எப்போது, எது தீர்ந்துபோனது என்று நினைத்துக்கொண்டே இருக்கும் வேலை அவரிடமே இருக்கும். களைப்பில் பாதி அதுதான். ஒரு வேலையை எடுத்தால் அடி முதல் நுனி வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு நேரத்துப் பால் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம். அது வெறும் கழுவுவதோடு முடியாது. பம்ப்பின் பாகங்களைக் கழற்றி, சோப்பில் கழுவி, 5 நிமிடம் கொதிக்க வைத்து, காய வைத்து, காலையில் மறுபடி மாட்டி, ஐஸ் கட்டிப் பைகளை ஃப்ரீசரில் போட்டு எடுத்து, எல்லாம் பையில் இருக்கிறதா என்று பார்த்து வாசலில் வைப்பது வரை. வால்வு தளர்ந்தால் வாங்கி வருவதும் உங்கள் வேலை. மனைவி கையைத் தொடாமல் பை அவர் தோளுக்குப் போக வேண்டும். முதல் வாரம் ஏதாவது ஒரு பாகத்தை மறப்பீர்கள், பெரும்பாலும் வால்வாகத்தான் இருக்கும். பையின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

மாவும் அப்படித்தான். ஞாயிறு மதியம் ஊற வைத்து, சாயங்காலம் அரைத்து, கரைத்து, வெயில் காலத்தில் 6, 7 மணி நேரத்தில் பொங்கிவிடும் என்பதால் தூங்கும் முன் ஒரு தரம் பார்த்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைப்பது வரை ஒருவர் பொறுப்பு. நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்று அரைத்தால் மூன்று பேர் வீட்டில் புதன் வரை காலைச் சமையல் முடிந்தது. குழந்தைக்கும் நெய் தொட்ட இட்லி ஆகும். உப்புப் போடும் முன் குழந்தைக்கு ஒரு கிண்ணம் மாவு தனியே எடுத்து வையுங்கள், ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேனும் வேண்டாம்.

பிறகு தடுப்பூசி அட்டை. அதை உங்கள் அலமாரிக்கு மாற்றுங்கள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இருக்கிறது. இன்னும் இரண்டு மாதம்தான், அன்றைக்கும் மறுநாளும் லீவு வேண்டும் என்று ஆபீசில் இப்போதே சொல்லிவையுங்கள்.